ஓடிக் கொண்டு இருக்கும் கம்ப்யூட்டர் திடீர் என்று நிற்பது ஏன்?
"மதர்போர்டு போய் விட்டது" என்று சொன்னால் உடனே நம்பி விடாதீர்கள்!

19-7-2024. வெள்ளிக்கிழமை. மும்பை, டெல்லி, சென்னை, ஐதராபாத் விமான நிலையங்களில் பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். கவுண்ட்டரில் இருந்த கம்ப்யூட்டர்களின் திரை நீல நிறமாக மாறி அப்படியே நின்று விட்டது. பட்டனைத் தட்டினாலும் பயன் இல்லை. அணைத்துப் போட்டாலும் மறுபடி அதே நீலம். நாட்டின் பல ஊர்களில் விமானப் பயணிகளுக்கு போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

உலகம் முழுவதும் அன்று நின்று போன கம்ப்யூட்டர்கள் சுமார் 85 லட்சம். இது மைக்ரோசாப்ட் கம்பெனி சொன்ன கணக்கு.

காரணம் என்ன என்பது அன்றைக்கே தெரிந்து விட்டது. "கிரவுட்ஸ்டிரைக்" என்ற அமெரிக்க கம்பெனி, வைரஸ் போன்றவற்றைத் தடுக்கும் தனது காவல் புரோகிராமுக்கு ஒரு சிறிய பைலை அனுப்பியது. அந்தப் பைலில் தப்பு. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். அதற்குள் சேதம் நடந்து விட்டது. சரி செய்ய ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு ஆள் போய் உட்கார்ந்து, "சேப் மோடு" என்ற பாதுகாப்பு நிலையில் திறந்து, அந்த ஒரு பைலை அழிக்க வேண்டி இருந்தது.

அது பெரிய கம்பெனிகளின் கதை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தக் காவல் புரோகிராம் கிடையாது. ஆகவே தாராவியிலும், மாட்டுங்காவிலும், செம்பூரிலும் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து இருப்பவர்களுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அவர்களுக்கு வேறு ஒரு தொல்லை இருக்கிறது. அது ஒரு நாள் தொல்லை அல்ல. காலையில் இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடும். மதியம் 10 நிமிடத்தில் நிற்கும். நாளை முழுவதும் நிற்காது. மறு நாள் நாலு தடவை நிற்கும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது மட்டும் சமர்த்துப் பிள்ளை போல ஓடும்!

கட்டிலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர்

2020-ம் ஆண்டு ஊரடங்கின்போது பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் எல்லாம் திரையில் நடந்தது. அதுவரை கம்ப்யூட்டரை ஆபீசில் மட்டும் பார்த்த பல குடும்பங்கள், பழையதோ, அசெம்பிள் செய்ததோ, ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தன. பத்துக்குப் பத்து அறையில், கட்டிலுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே அதற்கும் ஒரு இடம் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகும் கம்ப்யூட்டர் வீட்டிலேயே தங்கி விட்டது. இப்போது அதில்தான் மகள் கல்லூரி புராஜெக்ட் செய்கிறாள். மகன் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறான். சில வீடுகளில் அது சோறு போடும் மெஷினாகவே ஆகி விட்டது. கல்யாணப் பத்திரிகை, பூப்பு நீராட்டு அழைப்பிதழ் எல்லாம் தமிழில் அடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். 20-ந் தேதிக்குள் கணக்கை அனுப்ப வேண்டும் என்னும்போது 19-ந் தேதி இரவு திரை உறைந்து நின்றால், அந்த வாடிக்கைக்காரர் அடுத்த மாதம் வருவாரா?

இந்த நிலையில் மெக்கானிக் வருகிறார். இரண்டு நிமிடம் பார்க்கிறார். "மதர்போர்டு கயா, அண்ணாச்சி! புதுசா போட்டுடலாம்" என்கிறார். அண்ணாச்சி பீரோவைத் திறக்கிறார். புதிய மதர்போர்டு வருகிறது. பழைய மதர்போர்டுக்குப் பொருந்திய பிராசசரும் ராமும் புதியதில் பொருந்தாது என்கிறார்கள். அதுவும் வாங்கப்படுகிறது. ஒரு வாரம் கழித்து, "அப்பா, மறுபடியும் நின்னுட்டு!" என்று மகள் கூப்பிடுகிறாள்.

ஏன்? நோய் மதர்போர்டில் இல்லை. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் இருந்தது!

எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று சொல்லக் கூடாது. இடை இடையே வருகிற கோளாறைக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே சிரமமான வேலை. அதற்குப் பல நாள் கூடவே இருந்து பார்க்க வேண்டும். மெக்கானிக்குக்கு அந்த நேரம் கிடையாது. வீட்டுக்காரருக்கு உண்டு. ஆகவே பாதி வைத்தியத்தை வீட்டிலேயே செய்யலாம். அதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவை இல்லை. ஆபீசில் ரிஜிஸ்டர் எழுதத் தெரிந்தால் போதும்.

ரிஜிஸ்டரில் ஒட்டிய பூச்சி

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் "மார்க்-2" என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் தப்பாக வேலை செய்தது. திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்து, வேலை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, மணி எத்தனை என்றும் எழுதி வைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற பெண் விஞ்ஞானி பணி புரிந்த குழு அது. கம்ப்யூட்டர் கோளாறை இங்கிலீஷில் "பக்" (பூச்சி) என்று சொல்வது இதனால்தான் என்று சொல்வார்கள். உண்மையில் அந்தச் சொல் அதற்கு முன்பே என்ஜினீயர்களிடம் வழங்கியதுதான். ஆனால் பூச்சி ஒட்டிய அந்த ரிஜிஸ்டர் இன்றும் அமெரிக்க மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது.

மும்பையிலும் அத்தகைய காலம் உண்டு. கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ல் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய "டிப்ராக்" என்ற கம்ப்யூட்டர் ஓடியது. அதைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்தவர். அந்த மெஷினில் 2,700 வால்வுகள் இருந்தன. பழைய ரேடியோவில் இருக்குமே, சூடாகிச் சிவக்கும் கண்ணாடி வால்வு, அதுதான். வால்வு எரிந்து போவது அந்தக் கால கம்ப்யூட்டர்களில் சாதாரணம். எது, எப்போது, எங்கே என்று எழுதி வைக்காமல் அவற்றை ஓட்டவே முடியாது.

வீட்டிலும் அதையே செய்ய வேண்டும். ஒரு 40 பக்க நோட்டு. தேதி, மணி, அப்போது என்ன வேலை ஓடியது, எப்படி நின்றது, வீட்டில் வேறு என்ன ஓடியது. அவ்வளவுதான். பத்துத் தடவை எழுதிய பிறகு நோட்டே பேச ஆரம்பித்து விடும். எல்லாம் மதியம் 2 மணி முதல் 5 மணிக்குள் நடந்து இருந்தால் அது சூடு. பிரிட்ஜ் ஓடத் தொடங்கும் நேரத்தில் நடந்து இருந்தால் அது கரண்ட். ஒரு குறிப்பிட்ட புரோகிராமைத் திறக்கும்போது மட்டும் நடந்து இருந்தால் அந்த புரோகிராம்.

எப்படி நின்றது?

"நின்று விட்டது" என்பது ஒரே வார்த்தை. ஆனால் அதில் பல வகை உண்டு. டாக்டரிடம் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் போதுமா? குளிர் காய்ச்சலா, விட்டு விட்டு வருகிறதா என்று அவர் கேட்பார் அல்லவா?

விளக்கு அணைந்தது போல ஒரே நொடியில் முழுவதும் அணைந்தால் சந்தேகப்பட வேண்டியது கரண்ட், அல்லது சூடு. நீலத் திரை வந்து ஏதோ எழுத்து ஓடினால் ராம், டிஸ்க், அல்லது "டிரைவர்" எனப்படும் இணைப்புப் புரோகிராம். படம் அப்படியே உறைந்து நின்றால் அதில் இரண்டு வகை. அதைப் பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கீபோர்டில் "கேப்ஸ் லாக்" பட்டனைத் தட்டுங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது. ஏதோ ஒரு புரோகிராமோ, மெதுவான டிஸ்க்கோதான் அதை இழுத்துப் பிடித்துக் கொண்டு இருக்கிறது. ஐந்து நிமிடம் பொறுத்தால் தானாக விடுபடலாம். விளக்கும் அசையவில்லை, பாட்டு ஒரே இடத்தில் "கிர்ர்" என்று இரைகிறது என்றால் கோளாறு ஆழத்தில் இருக்கிறது.

நீலத் திரை கண் மூடித் திறப்பதற்குள் மறைந்து மெஷின் தானாக மறுபடி ஓடத் தொடங்குகிறதா? அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. விண்டோசில் "ஸ்டார்ட் அப் அண்ட் ரிகவரி" என்ற இடத்தில் "தானாக ரீஸ்டார்ட் ஆகட்டும்" என்ற டிக்கை எடுத்து விட்டால் நீலத் திரை அப்படியே நிற்கும். செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொள்ளலாம். அதில் உள்ள எழுத்து நல்ல மெக்கானிக்குக்கு ஜாதகம் மாதிரி.

கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு ஒரு ரிஜிஸ்டர் எழுதுகிறது. தேடும் கட்டத்தில் "ரிலையபிலிட்டி" என்று அடித்தால் எந்த நாளில் என்ன விழுந்தது என்று சிவப்புப் புள்ளியோடு காட்டும். "கெர்னல் பவர் 41" என்று பார்த்து விட்டுச் சிலர் "பவர் சப்ளை போச்சு" என்று முடிவு கட்டி விடுகிறார்கள். அது தவறு. "போன தடவை நான் ஒழுங்காக அணைக்கப்படவில்லை" என்பதுதான் அதன் அர்த்தம். ஏன் என்று அது சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 தான் வரும்.

பிளக் பாயிண்ட்

மும்பையில் கரண்ட் போவது அபூர்வம். ஊரில் இருந்து வருகிறவர்கள் முதலில் ஆச்சரியப்படுவது இதற்காகத்தான். 2020 அக்டோபர் 12-ந் தேதி காலை 10 மணி அளவில் நகரம் முழுவதும் கரண்ட் போய், லோக்கல் ரெயில்கள் நடு வழியில் நின்றபோது அது உலகச் செய்தி ஆயிற்று. அன்று மும்பை பல்கலைக் கழகத்தின் ஆன்லைன் பரீட்சைகளைக் கூடத் தள்ளி வைத்தார்கள்.

ஆகவே "நம் வீட்டில் கரண்ட் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று பலர் கேட்கிறார்கள். தெருவில் வரும் கரண்ட் நன்றாக இருக்கலாம். தெருவில் இருந்து மேல் மாடி அறை வரை வருகிற வயரைப் பார்க்க வேண்டும். ஒரே மீட்டரில் இருந்து இரண்டு மூன்று அறைகளுக்கு இழுத்த மெல்லிய வயர். இடையில் டேப் சுற்றிய முடிச்சு. கீழே தையல் மெஷின் மோட்டார், மேலே தண்ணீர் பம்ப். பம்ப் கிளம்பும் நொடியில் பல்பு லேசாக மங்குகிறது அல்லவா? அந்த ஒரு நொடி வோல்டேஜ் கீழே விழுகிறது. நல்ல பவர் சப்ளை பெட்டி அதைத் தாங்கிக் கொள்ளும். ஐந்து வருடம் உழைத்துக் களைத்த மலிவுப் பெட்டி தாங்காது. கம்ப்யூட்டர் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். பல்பு எரிந்து கொண்டே இருப்பதால் கரண்டை யாரும் சந்தேகப்படுவது இல்லை!

எக்ஸ்டென்ஷன் போர்டில் பிளக் தளர்ந்து ஆடினாலும் இதே கதை. பிளக்கின் பித்தளைக் கால் கறுத்து இருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். தொடும் முன் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். ஒரு நாள் கம்ப்யூட்டரை வேறு நல்ல பாயிண்டில், போர்டு எதுவும் இல்லாமல் நேராகச் சொருகி ஓட்டிப் பார்க்கலாம். பக்கத்து வீட்டில் கொண்டு போய் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. அங்கே நிற்காமல் ஓடினால் கடைக்குக் கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. எலக்ட்ரீஷியன் வந்தால் போதும்.

யு.பி.எஸ். வைத்து இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதன் உள்ளே இருக்கும் பேட்டரிக்கு ஆயுள் இரண்டு, மூன்று வருடம்தான். அதற்குப் பிறகு காப்பாற்ற வந்த யு.பி.எஸ்.சே கரண்டை வெட்டி விடும். வேலியே பயிரை மேய்ந்த கதை. யு.பி.எஸ்.சைக் கழற்றி வைத்து விட்டு இரண்டு நாள் ஓட்டினால் உண்மை தெரிந்து விடும்.

பெட்டியைத் தொட்டால் "சுரீர்" என்று இருக்கிறதா? இது முக்கியம். செருப்பைப் போட்டுக் கொண்டு தொட்டால் சரியாகி விடும் என்று பலர் வாழ்ந்து கொண்டு இருக்கிறார்கள். வீட்டு வயரிங்கில் எர்த் இல்லை என்பதன் அடையாளம் அது. மூன்றாவது கால் எங்கும் போய்ச் சேராமல் சும்மா இருக்கிறது. கம்ப்யூட்டர் காரணம் இல்லாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். அதை விட, மழைக் காலத்தில் ஈரத் தரையில் குழந்தை தொட்டால் என்ன ஆகும் என்பதுதான் கவலை. எர்த் போடும் செலவை ஒத்திப் போடக் கூடாது.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் கரண்ட் தங்கி இருக்கும். ஆளைத் தூக்கி அடிக்கும்.

மே மாதம்

தகரக் கூரையின் கீழ் மே மாத மதியம் எப்படி இருக்கும் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. மனிதனுக்கு வேர்க்கும். கம்ப்யூட்டருக்கு வேர்க்காது. அதற்கு இருப்பது ஒரு சின்ன விசிறிதான்.

பிராசசர் 100 டிகிரி அளவுக்குச் சூடானால் முதலில் தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அப்போதும் தணியவில்லை என்றால் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள அணைந்து விடும். அது நோய் அல்ல, தற்காப்பு. விசிறியில் பஞ்சும் தூசியும் அடைத்தால், அல்லது பிராசசருக்கும் அதன் மேல் உள்ள உலோகத் தட்டுக்கும் நடுவே தடவிய பசை காய்ந்து போனால் இப்படி ஆகும். தையல் பட்டறை இருக்கும் சந்துகளில் துணிப் பஞ்சு ஆறே மாதத்தில் ஒரு கம்பளம் மாதிரி படிந்து விடுகிறது.

சோதனை சுலபம். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்து, டேபிள் பேனை அதன் பக்கம் திருப்பி வைத்து ஒரு மதியம் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் குற்றவாளி சூடுதான். கரண்டை எடுத்து விட்டுப் பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டலாம். விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக் கொள்ள வேண்டும். பசை தடவுவதை மெக்கானிக்கிடம் விட்டு விடலாம். மதர்போர்டு விலையோடு பார்த்தால் அது டீ செலவு.

பெட்டியைத் திறந்தபோது இன்னொன்றையும் பார்த்து விடுங்கள். மதர்போர்டில் சிறு உருளைகள் நிற்கும். அவைதான் கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பி இருந்தால், அல்லது மேலே பழுப்பு நிறத்தில் கசிந்து இருந்தால் அவை செத்து விட்டன. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் உலகம் முழுவதும் பரவி, பெரிய கம்பெனிகளின் மெஷின்களும் விழுந்தன. டெல் கம்பெனி 2003 முதல் 2005 வரை விற்றவற்றில் ஒரு கோடிக்கு மேற்பட்டவை இந்த ஆபத்தில் இருந்ததாக அமெரிக்கக் கோர்ட்டு வழக்கில் வெளியாயிற்று. உப்பிய கெப்பாசிட்டரை மட்டும் மாற்றி ஈயப் பற்று வைக்கத் தெரிந்த கைகள் லாமிங்டன் ரோட்டில் உண்டு. முழு மதர்போர்டு வாங்க வேண்டியது இல்லை.

உள்ளே கரப்பான் பூச்சியும் இருக்கும். சூடு அதற்குப் பிடிக்கும். 1947-ல் அந்துப்பூச்சி செய்த வேலையை இது இன்றும் செய்யும்.

ஊருக்குப் போய் வந்த பிறகு

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறி ஊருக்குப் போகிறார்கள். ஒரு மாதம் அறை பூட்டிக் கிடக்கிறது. ஜூன் நடுவில் திரும்பும்போது மும்பையில் மழை பிடித்து விட்டது. சுவர் எல்லாம் ஈரம். கம்ப்யூட்டரைப் போட்டால் "பீப், பீப்" என்று கத்துகிறது. அல்லது ஓடி, அரை மணியில் உறைகிறது.

பெரும்பாலும் இது ராம். கம்ப்யூட்டரின் ஞாபகப் பலகை. அதன் அடியில் இருக்கும் பொன்னிறப் பற்கள் மழைக் காற்றிலும் கடல் காற்றிலும் மங்கிப் போகின்றன. கழற்றி, பள்ளிப் பிள்ளையின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதி விட்டு, "டக்" என்று சத்தம் வரும் வரை அழுத்திச் சொருகினால் பாதி மெஷின்கள் பிழைத்துக் கொள்ளும். இது மெக்கானிக்குகளின் முதல் மந்திரம். ஐந்து ரூபாய் ரப்பர்! தேய்க்கும் முன் பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கி விட வேண்டும். முரட்டுத்தனமாகத் தேய்த்தால் பொன் பூச்சே போய் விடும்.

இரண்டு பலகை இருந்தால் ஒன்றைக் கழற்றி வைத்து இரண்டு நாள், பிறகு மற்றதைப் போட்டு இரண்டு நாள். எது இருக்கும்போது நிற்கிறதோ அதுதான் கெட்டது. "மெம்டெஸ்ட்" என்ற இலவசப் புரோகிராமை இரவு முழுவதும் ஓட விட்டால் காலையில் சிவப்பு வரிகளில் தீர்ப்பு எழுதி இருக்கும். ராம் கெடுவது அரிது என்று நினைக்க வேண்டாம். கூகுள் கம்பெனியின் மெஷின்களைப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வருடத்தில் 100-க்கு 8 ராம் பலகைகள் ஒரு தடவையாவது பிழை செய்தன.

இதில் விண்வெளிக்கும் பங்கு இருக்கிறதாம்! 2003-ல் பெல்ஜியம் நாட்டில் ஷார்பீக் என்ற ஊரில் மெஷினில் ஓட்டுப் பதிவு நடந்தது. ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே முடியாத அளவுக்கு 4,096 ஓட்டு அதிகம் விழுந்து இருந்தது. மெஷினில் எந்தக் கோளாறும் காணவில்லை. விண்ணில் இருந்து வந்த ஒரு கதிர் ஞாபகப் பலகையில் ஒரே ஒரு புள்ளியைப் புரட்டி விட்டு இருக்கலாம் என்றார்கள். ஆனால் வாரம் மூன்று தடவை நிற்கும் மெஷினுக்கு விண்வெளி மேல் பழி போட முடியாது.

2011-ல் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர்கள் சாதாரண மக்களின் 10 லட்சம் கம்ப்யூட்டர்களைக் கணக்கெடுத்தார்கள். உறுப்புக் கோளாறால் ஒரு தடவை விழுந்த மெஷின், மறுபடி விழ வாய்ப்பு 100 மடங்கு வரை அதிகம் என்று கண்டார்கள். அதாவது முதல் தடவையே எச்சரிக்கை. "ஏதோ ஒரு தடவை, விடு" என்று விடக் கூடாது.

முதலில் நகல்

மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை இவ்வளவு கீழே சொல்வது முறை அல்ல. டிஸ்க்கில் இருக்கும் சர்டிபிகேட், போட்டோ, புராஜெக்ட், வாடிக்கைக்காரர் கணக்கு எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலோ, வெளி டிஸ்க்கிலோ நகல் எடுத்து விட வேண்டும். கெட்டுக் கொண்டு இருக்கும் டிஸ்க்கும் இதே போல உறைந்து உறைந்துதான் எச்சரிக்கும். "டிக், டிக்" என்று உள்ளே சத்தம் கேட்டால் வேறு எதுவும் செய்யாமல் உடனே நகல் எடுங்கள். மெக்கானிக் முதலில் செய்வது "பார்மேட்". அதோடு வீட்டின் பத்து வருடப் போட்டோவும் போய் விடும். மதர்போர்டைக் கடையில் வாங்கலாம். இறந்து போன ஆச்சியின் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

உறுப்பா, புரோகிராமா?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. விமான நிலையக் கம்ப்யூட்டர்களைப் பிழைக்க வைத்த அதே சேப் மோடில் ஒரு நாள் ஓட்டலாம். அதில் நிற்கவில்லை என்றால் உறுப்புகள் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. சமீபத்தில் போட்ட டிரைவரோ, இரண்டு ஆன்டி வைரஸ் ஒன்றோடு ஒன்று சண்டை போடுவதோ, திருட்டு விண்டோசைத் திறக்கப் போட்ட "சாவி" புரோகிராமோ காரணமாக இருக்கலாம். அந்தச் சாவியோடு திருடனும் உள்ளே வருவது வழக்கம்.

இன்னொரு வழி, பென் டிரைவில் இருந்தே ஓடும் லினக்ஸ். டிஸ்க்கைத் தொடாமல் அதில் நாள் முழுவதும் வேலை செய்து பார்க்கலாம். அதிலும் நின்றால் உறுப்பில்தான் கோளாறு. நிற்கவில்லை என்றால் விண்டோசோ டிஸ்க்கோ. சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் தமிழிலும் ஓடும் "பாஸ் லினக்ஸ்" என்பதை 2007-ல் வெளியிட்டது. காசு கிடையாது.

புதிய மெஷின் வாங்கியவர்களும் தப்பவில்லை. இன்டெல் கம்பெனியின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, காரணம் தெரியாமல் விழுவதாக உலகம் முழுவதும் புகார் வந்தது. தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டு வாங்கித் தம்மைத் தாமே கெடுத்துக் கொள்கின்றன என்று 2024-ல் இன்டெல் ஒப்புக் கொண்டது. திருத்தத்தை வெளியிட்டு, வாரண்டியையும் 2 வருடம் நீட்டியது. அந்தத் திருத்தம் இனிமேல் கெடாமல் காக்கும். முன்பே கெட்டதைச் சரி செய்யாது. அந்தத் தலைமுறை மெஷின் நின்று நின்று ஓடினால் பில்லைத் தேடி எடுத்துக் கொள்வது நல்லது.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்தியது. "அதனால்தான் உங்கள் மெஷின் நிற்கிறது, புதிது வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால் அது சரி அல்ல. திருத்தம் நின்றால் திருடர் பயம் கூடும். அதற்காக மெஷின் நடுவில் உறையாது.

லாமிங்டன் ரோடு

மாகிமில் ஸ்லோ வண்டி ஏறினால் 7-வது ஸ்டேஷன் கிராண்ட் ரோடு. இறங்கி நடந்தால் லாமிங்டன் ரோடு. செம்பூர்க்காரர்கள் குர்லாவிலும் தாதரிலும் மாற வேண்டும். போகும்போது மெஷினோடு அந்த நோட்டுப் புத்தகத்தையும், நீலத் திரைப் படத்தையும் கொண்டு போக வேண்டும். "நிற்கிறது" என்று சொல்வதற்குப் பதில், "22 நாளில் 11 தடவை நின்றது. அதில் 9 தடவை மதியம். ஒரு ராமைக் கழற்றியும் நின்றது. பக்கத்து வீட்டு பிளக்கிலும் நின்றது" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் நாற்காலி போடுவார்!

எதையாவது மாற்றினால் பழைய உறுப்பைத் திருப்பிக் கேட்டு வாங்க வேண்டும். புதியதன் நம்பர் எழுதிய பில்லும், வாரண்டி எத்தனை மாதம் என்பதும் கையில் இருக்க வேண்டும். ஏமாற்றினால் நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற நம்பர் இருக்கிறது. பில் இல்லாமல் அங்கே பேசுவது கஷ்டம். பழைய மதர்போர்டை வீட்டுக்குக் கொண்டு வந்து, அதன் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். தட்டையாக இருந்தால், மறு நாள் அதே கடைக்குப் போய்க் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது.